மலை ஏறும் காப்பி

காப்பிக் கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் தொங்கும் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'பிளான்டேஷன் ஏ', 'பீபெரி', 'ரோபஸ்டா' என்று பெயர்களும், எதிரே கிலோ இன்ன விலை என்றும் எழுதியிருக்கும். கொட்டையின் அளவு, உருவம், இனம் ஆகியவற்றை வைத்து நம் நாட்டில் வழங்கும் பெயர்கள் அவை.

நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் பெயரிடும் முறையே வேறு. அங்கிருந்து ஏற்றுமதியாகும் காப்பியில் உயர்ந்த தரத்திற்கு 'எஸ்திரிக்தமென்தே துரோ' என்று பெயர். 'மிக மிகக் கெட்டியானது' என்று பொருள் கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1350 மீட்டருக்கு மேல் விளைந்த காப்பிக்கே இந்தப் பெயர் கிடைக்கும். அதற்குச் சற்றுக் கீழே விளைந்தது வெறும் 'கெட்டி'. இன்னும் கீழே இறங்க இறங்கத் தரமும் இறங்கும், விலையும் இறங்கும். பக்கத்து நாடுகள் சிலவற்றிலும் இதைப் போன்ற வழக்கம் உண்டு.

இது விந்தையாக இல்லையா? ஒரே இனச் செடி, ஒரே வகை விதை. மலையின் நடுவில் நட்டால் ஒரு சுவை, மேலே நட்டால் மற்றொரு சுவை! தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது செடிக்கு எப்படித் தெரியும்? உயரத்தை அளக்கும் கருவி எதுவும் அதனிடம் இல்லையே!

இந்தக் கேள்விக்கு விடை காண முயல்வோம். அந்த விடைக்குள்ளேயே காப்பியின் எதிர்காலம் பற்றிய ஒரு கவலையும் ஒளிந்திருப்பதைக் கடைசியில் காண்பீர்கள்.

மலை ஏன் குளிர்கிறது?

மலை உச்சி சூரியனுக்குச் சற்று அருகில்தானே இருக்கிறது? பின் ஏன் அங்கே குளிர்கிறது? இந்த ஐயம் உங்களுக்கும் எழுந்திருக்கும். சூரியன் பல கோடிக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் முன் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அன்று. சூரிய ஒளி காற்றை நேராகச் சூடேற்றுவது குறைவு. அது முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரையைத் தொட்டு நிற்கும் காற்று அதனால் சூடாகி மேலே எழுகிறது.

மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே எழும் காற்று விரிவடைகிறது. விரிவடையும் காற்று குளிரும். சைக்கிள் ட்யூபின் வால்வைத் திறந்து, சீறி வரும் காற்றில் விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அங்கே நடப்பதும் இதுவே.

சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இடையே ஏறத்தாழ 1220 மீட்டர் வேறுபாடு. கணக்கிட்டுப் பாருங்கள்: ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சேலத்தில் விசிறியைத் தேடுகிறவர்கள் ஏற்காட்டில் கம்பளியைத் தேடுவதன் காரணம் இதுதான்.

காப்பியின் தாயகம்

காப்பியில் பல இனங்கள் உண்டு. உலக வாணிகத்தில் முக்கியமானவை இரண்டு: அராபிக்கா, ரோபஸ்டா. அராபிக்காவின் தாயகம் எத்தியோப்பிய நாட்டின் தென்மேற்கு மேட்டுநிலக் காடுகள். அங்கே பெரிய மரங்களின் நிழலில், ஆண்டு முழுவதும் மிதமான குளிரில் அது தானாகவே வளர்ந்தது. அங்கிருந்து ஏமன் நாட்டுக்குச் சென்றது. ஏமனிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற ஞானி ஏழு விதைகளைக் கொண்டுவந்து, இன்றைய கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ரோபஸ்டாவின் தாயகம் வேறு. அது மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் தாழ்ந்த, வெப்பம் மிகுந்த காடுகளைச் சேர்ந்தது. ஆகவே வெப்பத்தைத் தாங்கும்; நோயையும் ஓரளவு எதிர்த்து நிற்கும். நம் நாட்டில் பொதுவாக 500 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை ரோபஸ்டாவும், 1000 மீட்டரிலிருந்து 1500 மீட்டர் வரை அராபிக்காவும் பயிராகின்றன. சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகியவற்றில் காப்பித் தோட்டங்கள் உள்ள தமிழ்நாட்டில் அராபிக்காவே மிகுதி.

அராபிக்காவுக்கு மிகவும் ஏற்ற ஆண்டுச் சராசரி வெப்பநிலை 18 முதல் 22 டிகிரி வரை. அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? செடி உடனே பட்டுப்போய்விடாது. பூக்கும், காய்க்கும், பழுக்கவும் செய்யும். ஆனால் மிக விரைவாகப் பழுத்துவிடும். நம் புதிருக்கான சாவி இந்த விரைவில்தான் இருக்கிறது.

பழத்திற்குள் ஒரு களஞ்சியம்

நம் மலைகளில் கோடை மழையின் முதல் தூறலுக்காகக் காப்பி மொட்டுகள் காத்திருக்கும். மழை விழுந்து எட்டு, பத்து நாட்களில் மல்லிகையை நினைவூட்டும் மணத்துடன் தோட்டம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பூக்கும். இரண்டு, மூன்று நாட்களில் பூக்கள் உதிர்ந்துவிடும். பிறகு பிஞ்சு தோன்றி, வளர்ந்து, சிவந்து பழுக்க அராபிக்காவுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை ஆகும். வெப்பமான இடத்தில் இந்தக் காலம் குறைவு. குளிர்ந்த இடத்தில் அதிகம்.

ஒரு பழத்தினுள் பொதுவாக இரண்டு விதைகள், தட்டைப் பக்கங்கள் ஒன்றையொன்று நோக்க ஒட்டிக்கிடக்கும். இவையே காப்பிக் கொட்டைகள். சில பழங்களில் ஒரே விதை மட்டும் வளர்ந்து உருண்டையாகிவிடும். அதுதான் கடைப்பலகையில் காணும் 'பீபெரி'.

விதை என்பது என்ன? நாளை முளைக்கப்போகும் குழந்தைச் செடிக்காகத் தாய்ச்செடி சேர்த்துவைக்கும் உணவுக் களஞ்சியம். இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரை, பழத்தின் காம்பு வழியாக விதைக்குள் வந்துகொண்டே இருக்கும். சர்க்கரை, கொழுப்பு, புரதம், பல்வேறு அமிலங்கள் எல்லாம் சிறிது சிறிதாக அங்கே நிரம்பும். பழம் சிவந்து முற்றிவிட்டால் நிரப்பும் வேலையும் ஏறக்குறைய முடிந்துவிடும். களஞ்சியத்தின் கதவு சாத்தப்படும்.

இப்போது இரண்டு தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். கீழேயுள்ள வெப்பமான தோட்டத்தில் கதவு விரைவில் சாத்தப்படுகிறது. மேலேயுள்ள குளிர்ந்த தோட்டத்தில் பல வாரங்கள் கழித்தே சாத்தப்படுகிறது. எந்தக் களஞ்சியத்தில் சரக்கு மிகுதியாகச் சேரும்? மேலேயுள்ளதில்தானே!

மற்றொரு செய்தியும் உண்டு. பகலில் செடி உணவை ஆக்குகிறது. இரவிலும் பகலிலும் சுவாசிக்கிறது. சுவாசிக்கும்போது சர்க்கரை செலவாகும். பொதுவாக வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் தாவரத்தின் சுவாச வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். வெப்பமான இரவில் செடி பகலில் ஈட்டியதில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறது. குளிர்ந்த இரவில் சேமிக்கிறது. வரவு அதே அளவு இருந்தாலும், செலவு குறைந்த வீட்டில் பானை நிரம்பும் அல்லவா?

மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்திலேயே மெல்ல முற்றிய பழத்திற்கும், முற்றாமல் பறித்துக் கார்பைடு கல் வைத்து அவசரமாகப் பழுக்கவைத்த பழத்திற்கும் நிறத்தில் வேற்றுமை தெரியாது. வாயில் வைத்தால்தான் தெரியும். காப்பியில் எவரும் கல் வைப்பதில்லை. எனினும் வெப்பம் அதைப் போன்றதோர் அவசரத்தைச் செடிக்கு உண்டாக்குகிறது.

கெட்டிக் கொட்டை

'மிகக் கெட்டி' என்ற குவாத்தமாலாப் பெயரின் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும். மெல்ல வளர்ந்த விதையில் திசுக்கள் நெருக்கமாக அமைந்து, உணவுப் பொருள்களும் அடர்ந்திருக்கும். ஒரே ஈரப்பதம் உள்ள இருவகைக் கொட்டைகளை ஒரே படியால் அளந்து நிறுத்தால், உயரத்தில் விளைந்தது பொதுவாகக் கூடுதலாக எடை காட்டும். தட்டைப் பக்கத்தில் ஓடும் கோட்டைப் பார்த்தும் அனுபவசாலிகள் கூறிவிடுவார்கள். உயரத்துக் கொட்டையில் அந்தக் கோடு இறுக மூடி, வளைந்து நெளிந்து செல்லும். தாழ்வான இடத்துக் கொட்டையில் அது நேராகவும் சற்றுத் திறந்தும் காணப்படும்.

நெருப்பில் பிறக்கும் சுவை

பச்சைக் காப்பிக் கொட்டையை வாயில் போட்டு மென்றால் காப்பிச் சுவையே இராது. பச்சைப் பயறும் புல்லும் கலந்தாற்போல் இருக்கும். சுவையும் மணமும் வறுக்கும்போதுதான் பிறக்கின்றன. ஆனால் இல்லாத ஒன்றிலிருந்து எதுவும் பிறவாது. களஞ்சியத்தில் இருந்த சரக்கிற்கு ஏற்பவே மணமும் அமையும்.

அராபிக்காவின் பச்சைக் கொட்டையில் எடையில் சுமார் 6 முதல் 9 விழுக்காடு வரை சர்க்கரை உண்டு. ரோபஸ்டாவில் சுமார் 3 முதல் 7 விழுக்காடு. கொட்டை 200 டிகிரியை நெருங்கும்போது இந்தச் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சிதைந்துவிடுகிறது. ஒரு பகுதி, பாகு காய்ச்சும்போது எழுவதைப் போன்ற மணப்பொருள்களாக மாறும். மற்றொரு பகுதி அமிலங்களாக மாறும். இன்னொரு பகுதி புரதத்திலுள்ள அமினோ அமிலங்களுடன் வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் தரும். இந்த வினையை 1912இல் விளக்கியவர் லூயி மயார் என்ற பிரெஞ்சு அறிவியலறிஞர். தோசை முறுகுவதும், ரொட்டியின் மேல்புறம் சிவப்பதும் இதே வினையால்தான். வறுத்த காப்பியில் இதுவரை 800க்கும் மேற்பட்ட ஆவியாகும் மணப்பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன.

உயரத்தில் விளைந்த காப்பியைச் சுவைப்பவர்கள் முதலில் குறிப்பிடுவது அதன் இனிய புளிப்பை. இது கெட்டுப்போன பாலின் புளிப்பு அன்று. நல்ல கமலா ஆரஞ்சில் இனிப்போடு சேர்ந்து நாவைத் தட்டி எழுப்பும் புளிப்பு. விதையிலேயே உள்ள சிட்ரிக், மாலிக் அமிலங்களும், சர்க்கரை சிதைந்து உண்டாகும் அமிலங்களும் இதற்குக் காரணம். தாழ்வான, வெப்பமான இடத்து அராபிக்காவில் இந்தப் புளிப்பு மங்கிவிடும். சுவை தட்டையாகவும், சில வேளைகளில் மண்வாடை கலந்தும் இருக்கும்.

உயரமா, குளிரா?

அறிவியல் பயிலும் உங்களுக்கு இப்போது ஓர் ஐயம் எழ வேண்டும். மலை மேல் குளிர் மட்டுமா இருக்கிறது? காற்று மெலிந்திருக்கிறது, மண் வேறு, மழை வேறு, மூடுபனி வேறு. சுவைக்குக் காரணம் குளிர்தான் என்று எப்படித் துணிவது?

நல்ல கேள்வி. இரண்டு செய்திகள் எப்போதும் சேர்ந்தே வந்தால், எது காரணம், எது வெறும் துணை என்று அறிவது கடினம். அவை பிரிந்து நிற்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது, உயரம் இல்லாமல் குளிர்ச்சி மட்டும் உள்ள இடம் வேண்டும்.

அப்படிப்பட்ட இடம் ஒன்று உண்டு. பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவின் கோனா பகுதி அது. அங்கே காப்பித் தோட்டங்கள் ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 900 மீட்டர் வரையிலேயே உள்ளன. குவாத்தமாலா முறைப்படி பார்த்தால் இது தாழ்ந்த காப்பி! எனினும் கோனாக் காப்பி உலகில் மிகுந்த விலைக்குப் போகிறது. காரணம், அது நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 19, 20 டிகிரி வடக்கே இருக்கிறது. பிற்பகல்தோறும் மேகம் திரண்டு வெயிலை மறைக்கிறது. ஆகவே குறைந்த உயரத்திலேயே அராபிக்காவுக்கு வேண்டிய மிதமான வெப்பநிலை கிடைத்துவிடுகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள கொலம்பியாவிலோ, இதே வெப்பநிலையைத் தேடி 1200 மீட்டரிலிருந்து 2000 மீட்டர் வரை ஏற வேண்டியிருக்கிறது.

இரண்டாவது சான்று இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவு. இச்சிறு தீவில் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே போனாலே மலை ஏறத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே அட்சரேகையில், வெவ்வேறு வெப்பநிலையில் அராபிக்காவை வளர்த்து ஒப்பிட முடிகிறது. அங்கே நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், விதை வளரும் காலத்தில் குளிர்ந்த தட்பவெப்பம் நிலவிய இடங்களின் காப்பியில் புளிப்பும் பழமணமும் சிறந்திருந்தன. வெப்பமான இடங்களின் கொட்டைகளில் சில ஆல்கஹால் வகைப் பொருள்கள் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. மண்வாடையும் பச்சை வாடையும் அவற்றோடு சேர்ந்தே காணப்பட்டன.

மூன்றாவது சான்று இன்னும் எளியது. கோஸ்டாரிக்காவில் ஒரே தோட்டத்தில், ஒரே உயரத்தில், சில செடிகளுக்கு நிழல் அமைத்தும் சிலவற்றை வெயிலில் விட்டும் பார்த்தார்கள். 2006இல் வெளியான அதன் முடிவுப்படி, நிழலில் பழம் முற்றுவது ஏறத்தாழ ஒரு மாதம் தாமதமாயிற்று, கொட்டை பெரிதாயிற்று, சுவையும் மேம்பட்டது. உயரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே சுவைக்குப் பெரும் காரணம் குளிர்ச்சியும், அந்தக் குளிர்ச்சி வாங்கித் தரும் நேரமும். உயரம் என்பது அவற்றைக் குறிக்கும் அடையாளச் சீட்டு மட்டுமே. மூட்டையின்மேல் 'இங்கே மெல்லப் பழுத்த கொட்டைகள் உள்ளன' என்று எழுத வேண்டியதை, '1350 மீட்டர்' என்று சுருக்கி எழுதுகிறார்கள். அவ்வளவுதான்.

குளிருக்கும் அளவு உண்டு

அப்படியானால் இமயமலையில் நட்டால் அமிர்தமாக இருக்குமோ? இராது. குளிருக்கும் எல்லை உண்டு. சராசரி வெப்பநிலை 17, 18 டிகிரிக்குக் கீழே போனால் அராபிக்காவின் வளர்ச்சி தளர்ந்துவிடும். உறைபனி விழுந்தால் இலைகள் கருகிப் போகும். 1975 ஜூலையில் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் விழுந்த கடும் உறைபனியில் காப்பித் தோட்டங்கள் கரிந்து கறுத்தன. அடுத்த ஈராண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி விலை பன்மடங்கு ஏறியது.

கீழ் எல்லையைக் காப்பது வெப்பம் மட்டும் அன்று, நோயும்கூட. காப்பி இலைத் துரு என்னும் பூஞ்சை நோய் இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்டது. வெதுவெதுப்பும் ஈரமும் அதற்கு மிகவும் பிடிக்கும். குளிர் மிகுந்தால் அதன் வேகம் தணியும். சுமார் இருபது ஆண்டுகளில் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்தது. தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்ற தொழிலாளர்கள் உழைத்த அந்தக் காப்பி மலைகளில், பின்னர் தேயிலை நடப்பட்டது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. உயரம் நல்ல சுவைக்கு வாய்ப்பைத் தரும், வாக்குறுதி தராது. காயையும் பழத்தையும் சேர்த்துப் பறித்தாலோ, பறித்ததைக் குவித்து வைத்துப் புழுங்கவிட்டாலோ, சரியாக உலர்த்தாமல் பூசணம் பிடிக்கவிட்டாலோ, உச்சி மலைக் காப்பியும் பாழாகும். செந்நிறப் பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பறிக்கும் தொழிலாளியின் விரல்களுக்கும் உங்கள் தம்ளரின் சுவையில் பங்கு உண்டு.

சுவை என்பதும் குடிப்பவரைப் பொறுத்ததே. பால் கலக்காமல் குடிப்பவர்கள் புளிப்பை விரும்புவார்கள். திக்கான பாலும் சர்க்கரையும் சேர்க்கும் நம் வீடுகளில், கசப்பும் கெட்டித்தன்மையும் வேண்டும் என்று ரோபஸ்டாவையும் சிக்கரியையும் கலப்பவர்கள் பலர். ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்று அறிவியல் தீர்ப்புக் கூறுவதில்லை. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையே அது கூறும்.

உச்சிக்கு மேல் எங்கே?

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கவலைக்கு வருவோம். உலகம் வெப்பமாகி வருகிறது. அதனால் காப்பிக்கு என்ன நேரும் என்பதை, நீங்கள் இதுவரை படித்தவற்றைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம்.

1000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறைகிறது. எனில் 1 டிகிரி குறைய எத்தனை மீட்டர் ஏற வேண்டும்? ஏறத்தாழ 150 மீட்டர். ஆகவே ஒரு மலையின் வெப்பநிலை 1 டிகிரி உயர்ந்தால், பழைய குளிர்ச்சியைப் பெறக் காப்பித் தோட்டம் 150 மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். 2 டிகிரி உயர்ந்தால் 300 மீட்டர்.

ஏறலாமே என்கிறீர்களா? மலையை ஒரு கூம்பாக எண்ணிக்கொள்ளுங்கள். பாதி உயரத்திற்கு மேலே உள்ள பரப்பு மொத்தப் பரப்பில் எத்தனை பங்கு? பாதி அன்று, கால் பங்குதான். மேலே போகப் போக இடம் சுருங்குகிறது. உச்சியை அடைந்தபின் ஏறுவதற்கு ஒன்றுமே இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில், தோட்டங்களுக்கு மேலே பல இடங்களில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் உள்ளன. மழைநீரைத் தேக்கிவைத்து ஆறுகளை வற்றாமல் ஓடச் செய்பவை அவை. காப்பிக்காக அவற்றை வெட்டினால், காப்பிக்கு வேண்டிய நீரையே வெட்டியவர்கள் ஆவோம். மேலும், ஐம்பது சென்ட் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயி, நிலத்தைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியுமா?

2015இல் வெளியான ஓர் ஆய்வு, காப்பிக்கு ஏற்ற நிலப்பரப்பு 2050க்குள் உலகளவில் ஏறத்தாழ பாதியாகக் குறையக்கூடும் என்று மதிப்பிட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலும், தாழ்ந்த உயரங்களிலும் பாதிப்பு மிகுதியாக இருக்கும் என்றும் அது கூறியது.

வழியே இல்லையா? காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. உயரம்தான் சுவைக்குக் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தால், மலை ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. காரணம் குளிர்ச்சியும் மெதுவாகப் பழுப்பதும் என்று தெரிந்தபின், இருந்த இடத்திலேயே செய்யக்கூடியவை புலப்படுகின்றன. முதலாவது நிழல். நம் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக், பலா போன்ற மரங்களின் நிழலில் செடி வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். அந்த மரங்களை வெட்டாமல் காப்பதே தோட்டத்தைச் சில டிகிரி 'உயர்த்தி' வைப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, புதிய இனங்களைத் தேடுவது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 'ஸ்டெனோபில்லா' என்ற காட்டுக் காப்பி இனம் உண்டு. மறக்கப்பட்டுப் போயிருந்த அது, 2018இல் அந்நாட்டுக் காட்டில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 25 டிகிரி உள்ள இடத்தில் வளரும் இதன் சுவை அராபிக்காவை ஒத்திருப்பதாக, இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஆரன் டேவிஸும் அவருடைய குழுவினரும் 2021இல் அறிவித்தனர். வெப்பத்திலும் நல்ல சுவையைத் தரும் ஒரு காப்பி! இதன் விளைச்சல் குறைவு. தோட்டப் பயிராக இன்னும் பரவவில்லை. எனினும் இதை அராபிக்காவுடனோ ரோபஸ்டாவுடனோ கலந்து புதிய வகைகளை உண்டாக்க முடியுமா என்று ஆராய்கிறார்கள். ஒரு காட்டுச் செடியைக் காப்பது எதற்கு என்று யாரேனும் கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

பள்ளிச் சுற்றுலாவாக ஏதேனும் மலைக்குப் போனால் ஒரு வெப்பமானியை உடன் கொண்டு செல்லுங்கள். அடிவாரத்து ஊரில் உங்கள் நண்பர் ஒருவரிடம் மற்றொன்றைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். இருவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், நிழலில், தரையிலிருந்து ஒரே உயரத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை பாருங்கள். இரண்டு இடங்களின் உயர வேறுபாட்டால் வெப்பநிலை வேறுபாட்டை வகுத்தால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். விடை சரியாக 0.65 வராவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். மேகம், காற்று, ஈரம் ஆகியவை கணக்கை மாற்றும். எது மாற்றியது என்று தேடுவதும் அறிவியலே. வழியில் காப்பித் தோட்டம் தென்பட்டால், அது எந்த உயரத்தில் தொடங்குகிறது, எந்த உயரத்தில் முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அது மதிப்பு மிக்க ஆவணமாகும்.

ஏனெனில், மூட்டையின்மேல் எழுதும் '1350 மீட்டர்' என்ற எண் மாறப்போவதில்லை. மலை அதே இடத்தில்தான் நிற்கும். அந்த 1350 மீட்டரில் இருந்த குளிர் அங்கேயே இருக்குமா என்பதுதான் கேள்வி.